கிர்குக் வாக்கெடுப்பு: தேதியை விடுங்கள், பட்டியலிலிருந்து தொடங்குங்கள்

பெறுநர்: கிர்குக் மாகாண அவை உறுப்பினர்கள், ஈராக் நாடாளுமன்றத்தில் கிர்குக்கின் பிரதிநிதிகள், அரசமைப்பின் 140-ஆம் பிரிவைச் செயல்படுத்தும் குழுவினர்.

அன்புடையீர், வணக்கம்.

ஈராக்கின் வடக்கே எண்ணெய் வளமுள்ள கிர்குக் மாகாணம் யார் ஆட்சியில் இருப்பது என்ற பொது வாக்கெடுப்பு 2007 டிசம்பர் 31-க்குள் முடிந்திருக்க வேண்டும். உங்கள் அரசமைப்பின் 140-ஆம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது. நடக்கவில்லை. ஐ.நா. தூதர் ஸ்டஃபான் டி மிஸ்துரா ஆறு மாதம் அவகாசம் கேட்டார். ஈராக்குக்குள் தன்னாட்சி நடத்தும் குர்திஸ்தான் பகுதியின் நாடாளுமன்றம் ஒப்புக்கொண்டது. அந்த ஆறு மாதமும் போயிற்று. கெடு முடிந்ததால் பிரிவே காலாவதி என்று ஒரு தரப்பு வாதாடியது. 2019 ஜூலையில் கூட்டாட்சி உச்ச நீதிமன்றம், நிறைவேறும்வரை அது செல்லும் என்று தீர்ப்பளித்தது. ஆக, சட்டப்படி ஒரு வாக்கெடுப்பு இன்றும் நிலுவையில் இருக்கிறது. அதை எப்படி நடத்துவது என்று சொல்லும் சட்டம்தான் இல்லை.

கிர்குக் குர்திஸ்தானோடு சேர வேண்டுமா, பாக்தாத்தின் கீழ் மாகாணமாக நீடிக்க வேண்டுமா, தனி ஆட்சிப்பகுதியாக நிற்க வேண்டுமா என்று சொல்வது எங்கள் வேலையல்ல. இந்த மடல் முழுக்க நடைமுறை பற்றியது. நாங்கள் கேட்பது ஒன்றுதான்: தேதியைப் பற்றிய பேச்சை நிறுத்திவிட்டு, வாக்காளர் பட்டியல் வேலையை ஆரம்பியுங்கள். மற்றவை எல்லாம் அதற்குப் பிறகு.

தமிழில் எழுதுகிறவர்களுக்குக் கிர்குக்கில் என்ன வேலை என்று கேட்கலாம். 1987 ஜூலை 29-இல் கையெழுத்தான இந்திய–இலங்கை ஒப்பந்தத்திலும் இப்படி ஒரு தேதி இருந்தது. தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் ஆகிய மூவரும் கணிசமாக வாழும் கிழக்கு மாகாணம் வடக்கோடு இணைந்தே இருக்கலாமா என்று அந்த மாகாண மக்கள் 1988 டிசம்பர் 31-க்குள் வாக்களிக்க வேண்டும். தேதியைத் தள்ளிவைக்கும் அதிகாரம் ஜனாதிபதியிடம் விடப்பட்டது, தள்ளிவைத்துக்கொண்டே போனார்கள். 2006 அக்டோபரில் இலங்கை உச்ச நீதிமன்றம் இணைப்பே செல்லாது என்றது. வாக்கெடுப்பு ஒரு தடவைகூட நடக்கவில்லை. தேதியை எழுதி, அதைத் தள்ளும் உரிமையையும் ஒரே கையில் கொடுத்தால் என்ன ஆகும் என்பதை இந்த மொழியில் படிப்பவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. கிழக்கைப் பற்றி இதற்கு மேல் இங்கே பேசப்போவதில்லை.

140-ஆம் பிரிவு மூன்று படிகளைச் சொல்கிறது: முதலில் நிலைமையைச் சீராக்குவது, பிறகு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, கடைசியில் வாக்கெடுப்பு. முதல் படியின் விவரம் 2004-ஆம் ஆண்டின் இடைக்கால நிர்வாகச் சட்டத்தின் 58-ஆம் பிரிவில் இருக்கிறது: சதாம் உசேனின் பாத் கட்சி ஆட்சி கிர்குக்கை அராபியமயமாக்கியபோது விரட்டப்பட்டவர்கள் திரும்புவது, பறித்த சொத்தைத் தருவது, கொண்டுவந்து குடியேற்றப்பட்டவர்களுக்கு இழப்பீடும் மாற்றிடமும் தருவது, திருத்தப்பட்ட இன அடையாளத்தை நேராக்குவது, மாற்றப்பட்ட மாகாண எல்லையை ஆராய்வது. சொல்லாமல் விட்டவை நான்கு. வாக்குச்சீட்டில் என்ன கேள்வி? யாருக்கு வாக்கு? எந்த எல்லைக்குள் எண்ணுவது? எத்தனை பேர் ஒப்பினால் வெற்றி? வாக்கெடுப்பை வாக்கெடுப்பாக்கும் நான்கும் இவைதான். 2005-இல் அரசமைப்பை எழுதியவர்கள் அன்று உடன்பட முடியாததை எல்லாம் பின்னால் வருபவர்கள் தலையில் வைத்துவிட்டுப் போனார்கள். வந்தவர்கள் தேதியை மட்டும் பிடித்துக்கொண்டார்கள்.

குர்துகள், அராபியர், துருக்கிய மொழி பேசும் துருக்மானியர் ஆகிய மூன்று தரப்பும் ஆதாரமாகக் காட்டும் 1957 கணக்கெடுப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். தாய்மொழிவாரியாக அதில் கிர்குக் மாகாணம் முழுவதும் சேர்த்துக் குர்துகள் 48.2 சதவீதம், அராபியர் 28.2, துருக்மானியர் 21.4. கிர்குக் நகரத்தை மட்டும் எடுத்தால் துருக்மானியர் 37.6 சதவீதம், குர்துகள் 33.3, அராபியர் 22.5. குர்துக் கட்சிகள் முதல் வரிசையைச் சொல்கின்றன, துருக்மானியக் கட்சிகள் இரண்டாவதை. இரண்டும் பொய்யில்லை. ஒரே ஆவணம் இரண்டு வாதங்களுக்கும் இடம் தருகிறது என்றால், விகிதத்தை வைத்து இந்த வழக்கை முடிக்க முடியாது என்று பொருள்.

2024 நவம்பர் 20, 21 தேதிகளில் நடந்த கணக்கெடுப்பில் இனம் பற்றிய கேள்வியே வைக்கப்படவில்லை. அதனால் 140-ஆம் பிரிவின் இரண்டாம் படி நிறைவேறவில்லை என்று சிலர் குறைப்படுகிறார்கள். எங்களுக்கு அது குறையாகத் தெரியவில்லை. இனக் கேள்வி இல்லாமலே, அந்த வாரம் குர்திஸ்தானிலிருந்து ஆட்கள் கிர்குக்குக்கு வந்து பதிகிறார்கள் என்று அராபியரும் துருக்மானியரும் புகார் சொன்னார்கள். கேள்வியும் இருந்திருந்தால் கணக்கெடுப்பே ஒரு வாக்கெடுப்பாகியிருக்கும். வாக்காளர் பட்டியலுக்கு வேண்டியது ஒருவர் என்ன இனம் என்பதல்ல. அவருக்கு இந்த மாகாணத்தோடு என்ன தொடர்பு, அதற்கு என்ன காகிதம் என்பது.

காகிதத்துக்கு வருவோம். ஈராக்கில் நெடுங்காலம் அரசு அலுவலகம் எதற்குப் போனாலும் நான்கு ஆவணங்கள் கேட்டார்கள்: அடையாள அட்டை, குடியுரிமைச் சான்று, வசிப்பிட அட்டை, ரேஷன் அட்டை. 2003-க்குப் பிந்திய வாக்காளர் பட்டியல் ரேஷன் பதிவிலிருந்துதான் பிறந்தது. அவசரத்துக்கு அது நல்ல வழி. ஏனென்றால் ரேஷனில் மாவும் எண்ணெயும் வாங்காத குடும்பம் அன்று ஈராக்கில் அனேகமாக இல்லை. ஆனால் ரேஷன் பதிவு சொல்வது இன்று எங்கே சாப்பிடுகிறீர்கள் என்பதை. எங்கிருந்து விரட்டப்பட்டீர்கள் என்பதை அல்ல. எதிரிலிருப்பது இன்னொரு பதிவு: குடிமைப் பதிவேடு. அதன் அடித்தளம் 1957 கணக்கெடுப்பு. ஒவ்வொரு குடும்பத்துக்கும் பதிவேட்டு எண், பக்க எண் என்று இரண்டு உண்டு. பழைய அடையாள அட்டையிலேயே இரண்டும் இருக்கும். கிர்குக் வாக்குரிமைச் சண்டை முழுக்க இந்த இரண்டு பதிவுகளும் ஒத்துப்போகாத இடத்தில் நடக்கிறது.

பதிவு மேசைக்கு வரக்கூடிய மூன்று பேரைப் பாருங்கள். முதலாவது, ஒரு குர்துப் பெண். தாத்தா பெயர் கிர்குக்கின் 1957 பதிவேட்டில் இருக்கிறது. குடும்பம் வெளியேற்றப்பட்டு, பக்கத்துச் சுலைமானியா மாகாணத்தின் சம்சமாலில் குடியேறியது; அவர் பிறந்ததும் அங்கேதான்; ரேஷன் அட்டையும் அங்கேதான். அந்தச் சம்சமாலே 1976 வரை கிர்குக் மாகாணத்தில் இருந்தது என்பது வேறு சிக்கல். இரண்டாவது, ஓர் அராபியர். அப்பாவைத் தெற்கிலிருந்து பத்தாயிரம் தினார் கொடுத்துக் குடியேற்றினார்கள். ‘பத்தாயிரத்தார்’ என்றே அப்படி வந்தவர்களுக்குப் பெயர் விழுந்தது. மகன் 1988-இல் கிர்குக் மருத்துவமனையில் பிறந்தவர். வேறு ஊர் தெரியாது. மூன்றாவது, ஒரு துருக்மானியர். ஊரைவிட்டுப் போகவே இல்லை. ஆனால் 1990-களின் கடைசியில் ‘தேசிய இனத் திருத்த’ப் படிவத்தில் கையெழுத்துப் போட்டு, ஏட்டில் அராபியர் ஆனார். ரேஷன் பதிவை மட்டும் பார்த்தால் முதலாமவர் வெளியே. 1957 பதிவேட்டை மட்டும் பார்த்தால் இரண்டாமவர் வெளியே. இனத்தைப் பார்த்தால் மூன்றாமவர் தவறான கட்டத்தில் நிற்கிறார்.

ஆகவே ஒரே ஒரு வெட்டுத் தேதி வைத்து இதைத் தீர்க்க முடியாது. பாத் கட்சி ஆட்சிக்கு வந்த 1968-ஐ வைத்தால் அராபியரில் பெரும்பகுதி போய்விடும். அந்த ஆட்சி வீழ்ந்த 2003 ஏப்ரலை வைத்தால் அன்று வெளியூரில் இருந்த குர்துகள் போவார்கள். இன்றைய தேதியை வைத்தால், 2003-க்குப் பிறகு கொண்டுவந்து பதிந்தவர்கள் எல்லாம் உள்ளே என்று அராபியரும் துருக்மானியரும் சொல்வார்கள். எங்கள் யோசனை இரட்டை வழி. தன் பெயரோ பெற்றோர், தாத்தா, பாட்டி பெயரோ கிர்குக்கின் 1957 பதிவேட்டில் இருப்பவருக்கு, இன்று எங்கே வசித்தாலும், வாக்கு உண்டு. பதிவைக் கிர்குக்குக்கு மாற்றிக்கொண்டால் போதும். அதில் இல்லாதவர் மாகாணத்தில் பிறந்தவராகவோ, ஒரு குறித்த நாளுக்கு முன்பிருந்து பத்து ஆண்டாவது தொடர்ந்து வசிப்பவராகவோ இருந்தால் அவருக்கும் உண்டு. குடியேற்றப்பட்டவர்களின் பிள்ளைகளுக்கு வாக்கு கூடாது என்ற வாதத்தை நாங்கள் ஏற்கவில்லை. பிறந்த இடத்துக்கு அவர்கள் பொறுப்பில்லை. அதோடு, அவர்களை விலக்கி வரும் முடிவை அராபியர் மிகுந்த ஹவீஜா மாவட்டத்தில் ஒருவரும் மதிக்கமாட்டார்கள்.

ஒரே விலக்கு: பணம் வாங்கியவர்கள். 2007-இல் எடுத்த முடிவின்படி, சொந்த ஊருக்குத் திரும்ப விரும்பும் அராபியக் குடும்பத்துக்கு 2 கோடி தினாரும் ஒரு மனையும். கிர்குக் திரும்பும் இடம்பெயர்ந்த குடும்பத்துக்கு 1 கோடி தினார். 2 கோடி அன்றைய மதிப்பில் 15,000 டாலருக்குச் சற்று மேல். வாங்கிக்கொண்டு போனவர் பெயர் இன்னும் கிர்குக் பட்டியலில் இருந்தால் அதை நீக்குவது நியாயம். இதற்கு இழப்பீட்டுப் பட்டுவாடா ஏட்டை வாக்காளர் பட்டியலோடு பெயர்வாரியாக ஒப்பிட வேண்டும். ஒப்பிட்டு வெளியிடுங்கள். அந்த ஏடு மூடியே இருப்பதால்தான் ஒவ்வொரு தரப்பும் மனம்போன எண்ணிக்கை சொல்ல முடிகிறது.

பட்டியல் எப்படிச் சீரழியும் என்பதற்கு மொராக்கோவோடு சேர்வதா தனிநாடாவதா என்று வாக்களிக்க வேண்டியிருந்த மேற்கு சகாராவைப் பாருங்கள். 1991-இல் போர்நிறுத்தம், அடுத்த ஆண்டே வாக்கெடுப்பு என்று திட்டம். 1974-ஆம் ஆண்டின் ஸ்பானியக் கணக்கெடுப்பில் இருந்த ஏறத்தாழ 74,000 பேர்தான் அடிப்படை. பிறகு தகுதி விதிகள் விரிந்தன; குலத்தலைவர்களின் வாய்மொழிச் சாட்சியம் சேர்ந்தது. கடைசியில் ஏறத்தாழ 1,98,000 பேர் விசாரிக்கப்பட்டு 86,000 பேருக்குச் சற்று மேல் தகுதி பெற்றார்கள். மறுக்கப்பட்டவர்களிடமிருந்து 1,30,000-க்கும் மேல் மேல்முறையீடுகள். அதோடு நின்றது, இன்றுவரை வாக்கெடுப்பு இல்லை. சூடானும் தென் சூடானும் உரிமை கோரும் அப்யேயில் இன்னும் மோசம்: 2011 ஜனவரியில் நடக்க வேண்டியது, ‘வசிப்பவர்’ என்றால் யார் என்ற விதியை ஆணையம் பிறகு முடிவு செய்யும் என்று சட்டம் எழுதிவிட்டது. ஆணையமே அமையவில்லை. 2013-இல் ங்கோக் தின்கா மக்கள் தாங்களாகவே நடத்தினார்கள், மிசேரியா மேய்ப்பர்கள் கலந்துகொள்ளவில்லை, ஒருவரும் அங்கீகரிக்கவில்லை.

எனவே விதியைச் சட்டத்திலேயே எழுதுங்கள், ஆணையத்துக்கு விடாதீர்கள். வாய்மொழிச் சாட்சியத்தைக் கடைசி வழியாக மட்டும், ஆவணம் எரிந்தோ தொலைந்தோ போனதாக அலுவலகமே சான்று தரும் இடத்தில் மட்டும் அனுமதியுங்கள். வரைவுப் பட்டியலை ரேஷன் முகவர் கடைதோறும் ஒட்டுங்கள். 2005 தேர்தலுக்கு வாக்காளர் படிவங்கள் அந்தக் கடைகள் வழியாகத்தான் வீடுகளுக்குப் போயின. தெருவில் யார் இருக்கிறார், யார் இல்லை என்று தெரிந்த ஆள் அந்த முகவர். 45 நாள் பட்டியல் ஒட்டியிருக்கட்டும். ஆட்சேபணை ஒரு பெயர் மீது ஒரு மனுவாக, ஆவணத்தோடு வர வேண்டும்; ‘இந்தத் தெருவே வெளியார்’ என்ற மொத்த மனுவை வாங்கவே கூடாது. கணக்கும் போட்டுப் பாருங்கள்: 30,000 ஆட்சேபணை வந்தால், மூன்று பேர் கொண்ட 12 தீர்ப்பு அமர்வுகள் நாளொன்றுக்குத் தலா 25 மனு முடித்தாலும் 100 வேலை நாள், அதாவது ஐந்து மாதம். இந்த ஐந்து மாதத்தைத் திட்டத்தில் சேர்க்காதவர்கள்தான் பிறகு அவகாசம் கேட்டு வருவார்கள்.

படையினர் வாக்கு தனிப் பிரச்சினை. கிர்குக்கில் பணியில் இருக்கும் படைவீரர் அங்கே பதிவில்லாவிட்டால் அங்கே வாக்களிக்கக் கூடாது. கிர்குக்கில் பதிவான படைவீரர் வெளியூரில் இருந்தால் அவர் வாக்கு கிர்குக் கணக்கில் சேர வேண்டும். இராணுவம், காவல்துறை, குர்திஸ்தானின் படையான பெஷ்மெர்கா, ஹஷ்த் அல்-ஷாபி என்ற துணைப்படைகள் எல்லாருக்கும் ஒரே விதி.

சொத்து விஷயம் பட்டியலோடு ஒட்டியது. 1970-களில் பாத் ஆட்சியின் உச்ச அமைப்பான புரட்சித் தலைமை மன்றத்தின் ஆணைகளால் குர்துகளிடமிருந்தும் துருக்மானியரிடமிருந்தும் பறித்த விளைநிலங்களைத் திருப்பித் தரும் சட்டத்தை 2025 ஜனவரியில் நாடாளுமன்றம் நிறைவேற்றியது. நல்லது. ஆனால் நிலம் திரும்பும்போது அங்கே பயிர் வைத்திருப்பவர் வெளியேறுகிறார். வெளியேறும்போது வசிப்பிடப் பதிவும் போகிறது. வாக்கெடுப்புக்கு முன் ஒருவரின் நிலமும் வாக்கும் ஒரே நாளில் பறிபோனால் அது துப்பாக்கியில் முடியும். நில வழக்கில் தோற்றவரின் வாக்குரிமை, வாக்கெடுப்பு முடியும்வரை பழைய முகவரியிலேயே நிற்கும் என்று ஒரு வரி சேருங்கள்.

அடுத்தது எல்லை. 1976-இல் சம்சமாலும் கலாரும் சுலைமானியாவுக்கும், கிஃப்ரி தியாலாவுக்கும், தூஸ் குர்மாத்து புதிதாக உண்டாக்கிய சலாஹுத்தீனுக்கும் போயின. மாகாணத்தின் பரப்பு ஏறத்தாழப் பாதியானது. பழைய எல்லையை மீட்கும் மசோதாவை 2011-இல் அன்றைய குடியரசுத் தலைவர் ஜலால் தலபானி நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார். அது அப்படியே கிடக்கிறது. பழைய எல்லையில் வாக்கெடுப்பு நடத்தினால் சம்சமாலும் கலாரும் குர்து வாக்கைக் கூட்டும் என்பது எல்லாருக்கும் தெரியும். எங்கள் பார்வையில், இன்றைய நான்கு மாவட்டங்களான கிர்குக், ஹவீஜா, தாகூக், திபிஸ் ஆகியவற்றில் மட்டும் நடத்துவதே செய்யக்கூடியது. தூஸ் குர்மாத்து மக்களின் கேள்வி உண்மையானது. அதைத் தனியே, அதே சட்டத்தின் இன்னொரு அத்தியாயத்தில் தீருங்கள்.

மொத்தமாக எண்ணுவதா, துண்டு துண்டாக எண்ணுவதா என்பதில் அனுபவம் இருபக்கமும் இருக்கிறது. 1920-இல், டென்மார்க்–ஜெர்மனி எல்லையிலுள்ள ஷ்லெஸ்விக்கின் வடக்கு மண்டலத்தை மொத்தமாக எண்ணினார்கள்: 75 சதவீதம் டென்மார்க்குக்கு. ஜெர்மன் பெரும்பான்மை கொண்ட தோண்டர் போன்ற ஊர்களும் சேர்ந்தே போயின. தெற்கு மண்டலத்தை ஊர்வாரியாக எண்ணினார்கள். 2019-இல் பிலிப்பைன்ஸின் புதிய தன்னாட்சிப் பகுதியான பங்சாமோரோவில் விதி வேறு: லனாவோ டெல் நோர்த்தேயின் ஆறு நகராட்சிகள் தாங்கள் சேர ஒப்பின, தாய் மாகாணம் ஒப்பவில்லை, சேரவில்லை. அதே வாக்கெடுப்பில் சூலு மாகாணம் எதிர்த்து வாக்களித்தது. ஆனால் பழைய தன்னாட்சிப் பகுதி முழுவதும் ஒரே அலகாக எண்ணப்பட்டதால் உள்ளே இழுக்கப்பட்டது. ஐந்தாண்டு கழித்து, 2024 செப்டம்பரில், அந்நாட்டு உச்ச நீதிமன்றம் சூலுவை வெளியே எடுத்தது. அதற்குள் நிர்வாகம், ஊழியர், வரவு செலவு எல்லாம் சூலுவையும் சேர்த்து அமைந்துவிட்டிருந்தன. கிர்குக்கைத் துண்டாக எண்ணினால் வடக்கில் குர்திஸ்தானோடு ஒட்டிய திபிஸ் ஒருபுறம், தெற்கில் ஹவீஜா மறுபுறம், நடுவில் நகரம் தொங்கும். நகரத்துக்குள் எந்தத் தெருவில் கோடு போடுவீர்கள்? மொத்தமாக எண்ணுவதே சரி. ஆனால் முடிவைத் துணைமாவட்டவாரியாக வெளியிடுங்கள். மறைத்தால் வதந்தி வரும்.

கேள்வி இரண்டு வழி மட்டும் கொண்டதாக இருந்தால், அதாவது ‘குர்திஸ்தானோடு சேர ஒப்புகிறீர்களா, இல்லையா’ என்றால், தனி ஆட்சிப்பகுதி கேட்பவர்களின் வாக்கு ‘இல்லை’க்குள் மறைந்துபோகும். துருக்மானியரில் பலர் கேட்பது அதுதான். மூன்றையும் ஒரே சீட்டில் வைத்தால் எதற்கும் பாதி கிடைக்காமல் போகலாம். நியூஃபவுண்ட்லாந்தில் 1948 ஜூனில் மூன்று வழி வைத்தார்கள்: தனித்த சுயாட்சியான பொறுப்பாட்சி 44.6 சதவீதம், கனடாவோடு சேர்வது 41.1, பழைய ஆணைய ஆட்சி 14.3. கடைசியில் வந்ததை நீக்கி ஜூலையில் மறுபடி நடத்தினார்கள். முதலில் பின்தங்கிய கனடா 52.3 சதவீதத்தோடு வென்றது. கிர்குக்கில் இரண்டு சுற்றுக்கு நடுவில் அப்படி ஏழு வாரம் என்பது நல்ல யோசனையல்ல. அந்த ஏழு வாரத்தில் நகரம் தாங்காது. ஒரே சீட்டில் இரண்டு கேள்வி போதும். முதலாவது: இன்றைய நிலை தொடரட்டுமா, மாறட்டுமா? இரண்டாவது: மாறுவதானால் குர்திஸ்தானோடா, தனி ஆட்சிப்பகுதியாகவா? ‘தொடரட்டும்’ என்றவரும் இரண்டாவதற்குப் பதில் சொல்ல வேண்டும். இதைச் சீட்டிலேயே அச்சிடாவிட்டால் பாதிப்பேர் விட்டுவிடுவார்கள். சீட்டு அரபி, குர்து, துருக்மானிய, சிரியாக் நான்கிலும் இருக்கட்டும்.

எண்ணெயைக் கேள்விக்குள் கொண்டுவராதீர்கள். 1927-இல் பாபா குர்குரில் பீறிட்ட நாளிலிருந்து இந்த மாகாணத்தைப் பற்றிய எந்தப் பேச்சும் எண்ணெய் இல்லாமல் முடிந்ததில்லை. வாக்கெடுப்பு வயல்களின் உரிமையை மாற்றாது என்று சட்டம் முதல் அத்தியாயத்திலேயே சொல்லட்டும். எண்ணெய்–எரிவாயுச் சட்டம் 2007 வரைவிலிருந்து இன்னும் நகரவில்லை. அதற்காக வாக்கெடுப்பைக் காக்க வைத்தால் இரண்டும் வராது.

வெற்றிக்கு எவ்வளவு? பாதிக்கு மேல் ஒரு வாக்கு என்பது சட்டத்துக்குப் போதும், ஊருக்குப் போதாது. இனத்துக்கு ஒரு தடுப்புரிமை என்ற யோசனையையும் நாங்கள் ஏற்கவில்லை; அதற்கு ஒவ்வொரு வாக்காளரையும் இனம் குறித்துப் பதிய வேண்டிவரும். மாற்று வழி நிலவியல்: மாகாணம் முழுவதிலும் 50 சதவீத வாக்குப்பதிவு, அதில் பெரும்பான்மை, கூடவே நான்கு மாவட்டங்களில் மூன்றிலாவது 30 சதவீத ஆதரவு. ஒரே ஒரு மாவட்டத்தால் முடிவைத் தடுக்க முடியாது. ஒரே மாவட்டத்தின் வாக்குப்பெருக்கால் மற்றவர்களை இழுத்துக்கொண்டு போகவும் முடியாது. இந்த அளவு எட்டாவிட்டால் இன்றைய நிலை தொடரும். எட்டு ஆண்டுக்கு மறு வாக்கெடுப்பு இல்லை. இந்தக் கடைசி விதி இல்லாவிட்டால் தோற்ற தரப்பு மறுநாளே அடுத்த தேதி கேட்கும்.

வாக்கெடுப்பில் யார் வென்றாலும் மாறாத சிலவற்றை முன்கூட்டியே எழுதியாக வேண்டும். 2005 மாகாண அவையில் 41 இடங்களில் 26 ஒரே குர்துக் கூட்டணிக்குப் போயின. மற்றவர்கள் மாதக்கணக்கில் அவையைப் புறக்கணித்தார்கள். 2008-இல் குர்து, அராபியர், துருக்மானியருக்குத் தலா 32 சதவீதம், கிறித்தவருக்கு 4 என்று பங்கிடும் யோசனை வந்தது, குர்துகள் மறுத்தார்கள். அடுத்த மாகாணத் தேர்தல் 2023 டிசம்பரில்தான் நடந்தது: 16 இடங்களில் குர்துகள் 7, அராபியர் 6, துருக்மானியர் 2, கிறித்தவர் 1. ஆளுநரைத் தேர்ந்தெடுக்க ஏறத்தாழ எட்டு மாதம் பிடித்தது. அதுவும் கிர்குக்கில் அல்ல, பாக்தாத்தின் ரஷீத் ஓட்டலில், ஒன்பது உறுப்பினர்களோடு. ஒரு ஆளுநரையே இப்படித் தேர்ந்தெடுக்கும் அவை, வாக்கெடுப்புக்குப் பிறகு உடன்பாடு காணும் என்று நம்பி எதையும் ஒத்திவைக்காதீர்கள். ஆளுநர், அவைத்தலைவர், காவல்துறைத் தலைவர் பதவிகளின் சுழற்சி, நான்கு மொழிப் பள்ளிகள், மாகாண வேலைவாய்ப்பில் குறைந்தபட்சப் பங்கு ஆகியவை வாக்குச்சீட்டோடு சேர்ந்தே சட்டமாகட்டும்.

2017 செப்டம்பர் 25-ஐ மறந்துவிட்டு எழுதவில்லை. அன்று குர்திஸ்தான் நடத்திய தனிநாட்டு வாக்கெடுப்பில் கிர்குக்கும் சேர்க்கப்பட்டது. மொத்த முடிவு 92.73 சதவீதம் ‘ஆம்’. அராபியரிலும் துருக்மானியரிலும் பெரும்பாலோர் ஒதுங்கி நின்றார்கள். மூன்று வாரத்தில், அக்டோபர் 16 அன்று, பாக்தாத்தின் படைகள் நகரத்துக்குள் வந்தன. எதிர்த்தரப்பு கலந்துகொள்ளாத வாக்கெடுப்பில் 92 என்ற எண்ணுக்கு ஒரு பயனும் இல்லை. 60 சதவீதமும், எதிர்த்தரப்பு முகவர் கையெழுத்தும் அதைவிட மேல்.

140 வேண்டாம், 119-ஆம் பிரிவின் வழியே தனி ஆட்சிப்பகுதி கேட்போம் என்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. மாகாண அவையின் மூன்றில் ஒரு பங்கு உறுப்பினர்கள் அல்லது வாக்காளர்களில் பத்தில் ஒரு பங்கினர் கேட்கலாம். 2008-ஆம் ஆண்டின் 13-ஆம் எண் சட்டம் நடைமுறையைச் சொல்கிறது. அமைச்சரவை 15 நாளில் தேர்தல் ஆணையத்திடம் ஒப்படைக்க வேண்டும். மூன்று மாதத்துக்குள் வாக்கெடுப்பு. எளிதாகத் தெரியும். பஸ்ராவில் 2 சதவீதக் கையெழுத்து முதல் கட்டத்தில் கிடைத்தது. 2009 ஜனவரியில் 10 சதவீதம் திரளவில்லை. சலாஹுத்தீன் அவை 2011-இல் தீர்மானமே போட்டது. அமைச்சரவை அதை ஆணையத்துக்கு அனுப்பவே இல்லை. அனுப்பாவிட்டால் என்ன என்று சட்டம் சொல்லவில்லை. கிர்குக் சட்டத்தில் அந்த ஓட்டையை அடைத்துவிடுங்கள்: அமைச்சரவை 15 நாள் பேசாமல் இருந்தால் கோரிக்கை தானாகவே ஆணையத்துக்குப் போய்ச் சேர்ந்ததாகக் கொள்ளப்படும்.

மேற்பார்வைக்கு இனி ஐ.நா.வின் ஈராக் தூதுக்குழுவை நம்ப முடியாது. அதன் பணி 2025 டிசம்பர் 31-உடன் முடிய வேண்டும் என்று பாதுகாப்பு அவை 2024 மே மாதமே தீர்மானித்துவிட்டது. வெளிப் பார்வையாளர்களைத் தனியே அழைக்க வேண்டும்; வாக்குப்பதிவு நாளுக்கு அல்ல, பட்டியல் ஒட்டும் நாளுக்கே. எண்ணுவது கையால் இருக்கட்டும். 2018 மே தேர்தலில் மின்னணு எண்ணிக்கையை நம்பாமல் அராபியரும் துருக்மானியரும் கிர்குக்கில் வாக்குப்பெட்டிக் கிடங்கின் முன் திரண்டார்கள். நாடாளுமன்றம் கையெண்ணிக்கைக்குச் சட்டம் கொண்டுவர வேண்டியிருந்தது. சாவடியிலேயே எண்ணி, முடிவுத்தாளைச் சுவரில் ஒட்டி, ஒவ்வொரு முகவருக்கும் கையெழுத்திட்ட நகல் கொடுத்த பிறகே பெட்டி வெளியே போகட்டும். அதிகாரிகளைக் குலுக்கல் முறையில், சாவடிக்கு மூன்று சமூகத்தவராவது வரும்படி நியமியுங்கள்.

இத்தனையும் ஒரே மூச்சில் ஆகாது. தாகூக்கிலிருந்து தொடங்குங்கள். குர்து, துருக்மானியர், அராபியர் மூவரும் வாழும் மாவட்டம். நகரத்தின் கொந்தளிப்பு இல்லை. எண்ணெயைப் பற்றிய பதற்றமும் குறைவு. மாகாண அவை ஒரு தீர்மானம் போட்டு, 1957 பதிவேட்டுப் பக்கங்களையும் ரேஷன் பதிவையும் இழப்பீட்டு ஏட்டையும் தாகூக் அளவில் ஒப்பிட்டு, 90 நாளில் வரைவுப் பட்டியல் வெளியிடலாம். அதற்கு அரசமைப்புத் திருத்தம் வேண்டாம், பாக்தாத்தில் புதுச் சட்டமும் வேண்டாம். உள்துறை, வணிக அமைச்சகங்களின் பதிவு அலுவலர்கள் ஒத்துழைத்தால் போதும். எத்தனை ஆட்சேபணை வருகிறது, எதன் மீது வருகிறது, ஒரு மனு முடிய எத்தனை நாள் ஆகிறது என்று அங்கே தெரிந்துவிடும். அந்தக் கணக்கை வைத்து மற்ற மூன்று மாவட்டங்களுக்கு ஆளும் பணமும் கேளுங்கள். வாக்கெடுப்புத் தேதியை அந்த நாள்வரை ஒருவரும் உச்சரிக்க வேண்டாம்.

இப்படிக்கு,
வாக்கெடுப்பு நடைமுறைகளைத் தொடர்ந்து கவனித்து எழுதும் சிலர்